ஸ்மார்ட் மீட்டர் எந்த மொழியில் பேசுகிறது? மின்கட்டமைப்புக்குப் பொதுத் தரநிலை ஏன் தேவை

வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1-ஆம் தேதி புதிய மின்கட்டண அட்டவணை நடப்புக்கு வந்ததிலிருந்து பல வீடுகளில் அடிபடும் நேரம் இது. நேர அடிப்படையிலான கட்டணத் திட்டத்தை விரும்பித் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு இதுதான் உச்ச நேரம்.

மாதம் 1,500 யூனிட்டுக்கு மேல் போகாத வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த அட்டவணைப்படி உச்ச நேரத்தில் எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 28.52 சென். இரவு 10 மணிக்கு மேலும், வார இறுதியிலும், பொது விடுமுறையிலும் 24.43 சென். இந்தத் திட்டத்தில் சேராதவருக்கு எந்நேரமும் 27.03 சென். உங்கள் பயன்பாட்டில் 37 விழுக்காடு உச்சமற்ற நேரத்தில் விழுந்தாலே திட்டத்தில் சேர்வது லாபம். அதற்குக் கீழே போனால் கையைக் கடிக்கும்.

கணக்கு எளிதுதான். ஆனா இதைப் போட மீட்டருக்கு மணி பார்க்கத் தெரிய வேண்டும். சுழலும் தட்டு கொண்ட பழைய மீட்டருக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண்: இதுவரை ஓடிய மொத்தம். ஸ்மார்ட் மீட்டர், அதாவது நம் செய்திகளில் விவேக மீட்டர் என்று சொல்லப்படுவது, ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் தனித்தனியாகப் பயன்பாட்டைக் குறித்து வைத்து, அதைத் தெனாகா நேஷனலின் கணினிக்கு அனுப்புகிறது. மைடிஎன்பி செயலியில் நீங்கள் பார்க்கும் வரைபடம் அங்கிருந்துதான் வருகிறது.

மீட்டர் மாற்ற ஆள் வரும்போது மக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. பில் ஏறுமா? இது வேகமாக ஓடுமா? நியாயமான கேள்விகள். மூன்றாவதாக ஒன்றை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. இந்த மீட்டர் யாருடன் பேசும், எந்த மொழியில் பேசும்? அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு நம் பில்லிலும், கூரையில் வைக்கும் சோலாரிலும், வாங்கப்போகும் மின்சாரக் காரிலும் கைவைக்கப்போவது அந்தக் கேள்விதான்.

ஒரே ஊரில் பல வழிகள்

பினாங்கில் ஜெலுத்தோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாலான் ஜெலுத்தோங் ஓரமாகக் கடைவீடுகள். உள்ளே தள்ளிப் போனால் பழைய தரைவீட்டு வரிசைகள். இடையிடையே அடுக்குமாடிகள். கடற்கரையோரம் கர்ப்பால் சிங் டிரைவ் பக்கம் போனால் உயர உயரமான கொண்டோமினியங்கள்.

தரைவீட்டு வரிசையில் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில், திறந்த வெளியில் இருக்கும். அங்கே வானொலி அலை எளிது. ஒரு மீட்டர் அடுத்த மீட்டருக்குத் தகவலைக் கைமாற்றி, தெருக்கோடியில் உள்ள சேகரிப்புக் கருவிவரை கொண்டு சேர்க்கும். அடுக்குமாடியில் கதை வேறு. மீட்டர்கள் கான்கிரீட் சுவருக்குள், கீழ்த்தள மீட்டர் அறையில் அடைந்து கிடக்கும். அங்கே அலையைவிட, மின்சாரம் ஓடும் அதே கம்பியில் தகவலையும் அனுப்புவது வசதி. இரண்டும் சரிப்படாத இடத்தில் கைப்பேசி வலையமைப்பு இருக்கிறது. தெனாகா நேஷனல் இந்த மூன்று வழிகளையுமே பயன்படுத்துகிறது.

2014-இல் மலாக்காவிலும் புத்ராஜெயாவிலும் 1,000 பயனீட்டாளர்களைக் கொண்டு இந்த முயற்சி தொடங்கியது. பிறகு மலாக்கா முழுமைக்கும், கிள்ளான் பள்ளத்தாக்குக்கும், மற்ற மாநிலங்களுக்கும் கட்டங்கட்டமாகப் போனது. அறிவிக்கப்பட்ட இலக்கு, 2026-க்குள் தீபகற்பத்தில் 9.1 மில்லியன் மீட்டர்கள். இத்தனையையும் ஒரே நிறுவனம் செய்து கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஒருவரிடமே வாங்கினால் அடுத்த முறை விலையை அவர்தான் சொல்வார். பலரிடம் வாங்கினால் அத்தனை மீட்டர்களும் ஒரே கணினியோடு பேசியாக வேண்டும்.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசி, பேசியதைச் சரியாகப் புரிந்துகொண்டு, சேர்ந்து வேலை செய்வதைத்தான் ஒத்தியங்கும் தன்மை என்கிறோம். அதற்கான பொது விதிகள்தான் தரநிலைகள்.

காத்தியா, கிலோவா?

தரநிலை நமக்குப் புதிதல்ல. எந்தக் கடையில் ரைஸ் குக்கர் வாங்கினாலும் அதன் மூன்று பின் பிளக் உங்கள் வீட்டுச் சுவரில் பொருந்துகிறதே, அதற்குக் காரணம் எம்எஸ் 589 என்ற மலேசியத் தரநிலை. 2008 ஜனவரி 1-ஆம் தேதி நம் நாட்டின் பெயரளவு மின்னழுத்தம் 240 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட்டாக, அனைத்துலகத் தரநிலைக்கு ஏற்ப மாறியது. யார் வீட்டிலும் விளக்கு மங்கவில்லை. 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம் என்று வரம்பை வைத்ததால், வந்துகொண்டிருந்த மின்சாரம் அப்படியே புதிய வரம்புக்குள் அடங்கிவிட்டது.

பிளக்குக்குப் பொருத்தம் மட்டும் போதும். பேசும் கருவிக்கு அது போதாது. பாசாரில் மீன் விலை கேட்கிறீர்கள். கடைக்காரர் "பத்து வெள்ளி" என்கிறார். அவர் சொன்னது காதில் விழுந்தது. மொழியும் புரிந்தது. ஆனால் பத்து வெள்ளி ஒரு கிலோவுக்கா, சுமார் 600 கிராம் கொண்ட பழைய காத்திக்கா? எண் ஒன்றுதான், அர்த்தம் வேறு. அதுவும் தெளிந்த பிறகுகூட, கடனுக்குத் தருவாரா, மீனைச் சுத்தம் செய்து தருவாரா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

மின்கட்டமைப்பிலும் இதே அடுக்குகள்தான். தகவல் போகும் வழி ஒரு அடுக்கு. அது வானொலி அலையோ கம்பியோ சிம் கார்டோ எதுவாகவும் இருக்கலாம். தகவலின் அர்த்தம் இன்னொரு அடுக்கு. அதைப் பார்ப்பவர் யார், அதை வைத்து யார் என்ன செய்யலாம் என்ற ஒப்பந்தம் மூன்றாவது. முதல் அடுக்கு பல விதமாக இருந்தாலும் பெரிய பாதகமில்லை. அர்த்தத்தில் பிசகினால் பில் தப்பாகும்.

மீட்டர் உலகில் அர்த்தத்தைப் பொதுவாக்கும் வேலையைச் செய்வது டிஎல்எம்எஸ்-கோசெம் என்ற தரநிலைக் குடும்பம். அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி, 62056 என்ற எண்ணில் இதை வெளியிடுகிறது. இதில் ஒவ்வோர் அளவுக்கும் நிலையான ஒரு குறியெண் உண்டு. பல எலக்ட்ரானிக் மீட்டர்களின் திரையில் 1.8.0 என்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டமைப்பிலிருந்து நீங்கள் எடுத்த மொத்த மின்சாரம் அது. 2.8.0 என்றால் நீங்கள் கட்டமைப்புக்குக் கொடுத்தது. கூரையில் சோலார் வைத்தவருக்கு இந்த இரண்டாவது எண்தான் காசு. மீட்டர் ஐரோப்பாவில் செய்ததோ சீனாவில் செய்ததோ, 2.8.0 என்றால் எல்லா இடத்திலும் ஒரே பொருள்.

இது எவ்வளவு நல்ல ஏற்பாடோ, அதே அளவுக்கு இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. இந்தத் தரநிலை மிகப் பெரியது, அதற்குள் தேர்வுகள் ஏராளம். ஒரு நிறுவனம் ஒரு தேர்வையும் இன்னொன்று வேறொரு தேர்வையும் எடுத்தால், இரண்டும் "தரநிலைப்படிதான் செய்தோம்" என்று நிஜமாகவே சொல்லலாம். ஆனா இரண்டும் ஒரே கணினியோடு பேசாது. பெட்டியின் மேல் ஒட்டிய தரநிலை எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்.

பிரிட்டனில் ஊமையான மீட்டர்கள்

பொது மொழி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் பல. பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். மீட்டர் பொருத்தும் பொறுப்பும் அந்த நிறுவனங்களிடமே விடப்பட்டது. ஸ்மெட்ஸ்1 என்ற முதல் தலைமுறை மீட்டர்களை அவை தத்தம் சொந்தத் தகவல் தொடர்பு அமைப்போடு இணைத்துப் பொருத்தின. எல்லாருக்கும் பொதுவான தகவல் வலையமைப்பு அப்போது தயாராகவில்லை.

மலிவான விலை தேடி வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறியதும் சிக்கல் வெளிப்பட்டது. புதிய நிறுவனத்தால் பழைய மீட்டரோடு பேச முடியவில்லை. விலை கொடுத்துப் பொருத்திய ஸ்மார்ட் மீட்டர் சாதாரண மீட்டராகிப்போனது. வீட்டுக்காரர் பழையபடி எண்ணைப் பார்த்து எழுதி அனுப்பினார். ஸ்மெட்ஸ்1 மீட்டர்களில் சுமார் 70 விழுக்காடு, நிறுவனம் மாறும்போது இப்படி ஊமையாகிவிடுவதாகப் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அதற்குள் ஊமையானவை சுமார் 940,000. அடுத்த தலைமுறையான ஸ்மெட்ஸ்2 தொடக்கத்திலிருந்தே பொது வலையமைப்பில் இயங்கியது. பழைய மீட்டர்களைத் தொலைவிலிருந்தே அந்த வலையமைப்புக்கு மாற்றும் வேலை 2019-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இழுத்தது.

தீபகற்பத்தில் வீடுகளுக்கு மின்சாரம் கொடுப்பது பெரும்பாலும் தெனாகா நேஷனல்தான், அதனால் அந்த வகைச் சிக்கல் நமக்கு வராது என்று சொல்லலாம். பாதி உண்மை. நம்மிடம் மாறக்கூடியது மின் நிறுவனம் அல்ல, மீட்டர் தயாரிப்பாளர். இன்று வாங்கிய மீட்டர்களின் தகவலைப் படிக்க ஒரே ஒரு நிறுவனத்தின் மென்பொருள்தான் முடியும் என்றால், அந்த மென்பொருளுக்கு அவர் கேட்ட விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவு கடைசியில் வந்து நிற்பது கட்டணத்தில். சபாவிலும் சரவாக்கிலும் மின் நிறுவனங்கள் தனி. அவை தனித்தனி மொழி பேசும் மீட்டர்களை வாங்கினால், நாட்டளவில் கிடைக்க வேண்டிய பேர வலிமையும் துண்டாகும்.

முதலில் பணம், பிறகு விதி

தரநிலை உருவாகும் விதத்தைப் பார்க்க அமெரிக்காவின் அனுபவம் உதவும். 2007 டிசம்பரில் வந்த எரிசக்திச் சட்டம், ஸ்மார்ட் மின்கட்டமைப்புக்கான தரநிலைகளை ஒருங்கிணைக்கும் வேலையை நிஸ்ட் என்ற தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகத்திடம் கொடுத்தது. வேலை சூடு பிடிப்பதற்குள் பொருளாதார நெருக்கடி வந்தது. 2009-இல் ஊக்கத் திட்டத்தின் கீழ் மின்கட்டமைப்பைப் புதுப்பிக்க சுமார் 4.5 பில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. பணம் கையில், விதி இன்னும் காகிதத்தில்கூட இல்லை.

அங்கே செய்த ஒரு காரியம் புத்திசாலித்தனமானது. எல்லாத் தரநிலையும் முடியும்வரை காத்திருக்காமல், மீட்டருக்குள் இருக்கும் மென்பொருளைத் தொலைவிலிருந்து பாதுகாப்பாக மாற்ற முடிய வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு தரநிலையை மின்கருவி உற்பத்தியாளர் சங்கத்தின் மூலம் 90 நாளில் முடித்தார்கள். மொழி பிறகு மாறினாலும் மீட்டரைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. 2010 ஜனவரியில் வெளிவந்த நிஸ்ட்டின் முதல் கட்டமைப்பு ஆவணம் 75 தரநிலைகளை அடையாளம் காட்டியது.

ஆனால் அடையாளம் காட்டுவது வேறு, கட்டாயமாக்குவது வேறு. ஐந்து தரநிலைக் குடும்பங்களை விதியாக்கும் யோசனையை, போதிய ஒருமித்த கருத்து இல்லை என்று கூறி அமெரிக்கக் கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2011 ஜூலையில் ஏற்கவில்லை. 2021-இல் வந்த நான்காவது பதிப்பில் நிஸ்ட் வேறொரு பக்கம் கவனத்தைத் திருப்பியது. தரநிலைக்குள் இருக்கும் தேர்வுகளைக் குறைத்து, இன்ன வேலைக்கு இன்ன தேர்வுகள் மட்டும் என்று சுருக்கி எழுதி, அதன்படி கருவியைச் சோதித்துச் சான்று கொடுப்பது. மேலே சொன்ன வில்லங்கத்துக்கு மருந்து அதுதான்.

இந்தியா இந்தச் சுருக்கி எழுதும் வேலையை முன்பே செய்துவிட்டது. அனைத்துலகத் தரநிலையின் மேல் ஐஎஸ் 15959 என்ற துணை விவரக்குறிப்பையும், 2015-இல் ஸ்மார்ட் மீட்டருக்கென்றே ஐஎஸ் 16444-ஐயும் இந்தியத் தரநிலை அமைவனம் வெளியிட்டது. நாடு முழுக்க 250 மில்லியன் முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்கள் என்ற பெரிய திட்டத்துக்கு அடித்தளம் இவைதான். தமிழ்நாட்டில் சென்னை தி.நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள் சோதனையாகப் பொருத்தப்பட்டன. மாநில அளவிலான பெரிய குத்தகையில் குறைந்த விலை கேட்டிருந்த அதானி எனர்ஜி சொல்யூஷன்ஸின் விலையும் அதிகம் என்று 2024 டிசம்பரில் மின்வாரியம் அதை ரத்து செய்தது. விலை பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லும் தைரியம், அதே மொழி பேசும் மீட்டரைச் செய்ய வேறு பலர் இருக்கும்போதுதான் வரும் என்பது என் கணிப்பு. அரசியல் காரணங்களும் இருந்திருக்கலாம், அது வேறு கதை.

மீட்டருக்கு அப்பால்

மீட்டர் நம் கண்ணில் படுகிற முனை மட்டுமே. துணை மின்நிலையங்களுக்குள் முன்பு ஒவ்வொரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கருவியும் தன் சொந்த மொழியைப் பேசியது. நடுவே மொழிபெயர்ப்புப் பெட்டிகளும் கட்டுக்கட்டாகச் செம்புக் கம்பிகளும் தேவைப்பட்டன. ஐஇசி 61850 என்ற தரநிலை 2000-களில் அதை மாற்றியது. கோளாறு கண்ட கருவி மற்றவற்றுக்கு "துண்டி" என்று சொல்லும் செய்தி 3 மில்லி வினாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அளவுக்கு அதில் விதி இருக்கிறது.

மின்சாரக் கார் சார்ஜரில் இதே வேலையைச் செய்வது ஓசிபிபி. 2009-இல் நெதர்லாந்தில் பிறந்த இந்தத் திறந்த நெறிமுறை, சார்ஜரும் அதை இயக்கும் நிறுவனத்தின் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி. அந்த நிறுவனம் நாளை கடையை மூடினாலும், சார்ஜரை இன்னொருவர் கணினியில் இணைத்து ஓட்டலாம். சொந்த மொழி மட்டும் பேசும் சார்ஜர் என்றால் அது வெறும் இரும்புப் பெட்டி.

திறந்த மொழி திருடனுக்கும் புரியும்

பொதுத் தரநிலைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் இது ஒன்றுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. 2016 டிசம்பரில் உக்ரேன் தலைநகர் கியேவின் ஒரு பகுதியை இருளாக்கிய இண்டஸ்ட்ராயர் என்ற நச்சுநிரல், எந்த ரகசிய ஓட்டையையும் தேடி அலையவில்லை. துணை மின்நிலையக் கருவிகளின் தரநிலை மொழிகளையே கற்று வந்திருந்தது. அதில் 61850-உம் ஒன்று. உள்ளே நுழைந்ததும் அது சுவிட்சுகளிடம் அவற்றின் மொழியிலேயே "திற" என்றது, அவையும் திறந்தன.

அந்த மொழிகள் எழுதப்பட்ட காலத்தில் பேசுவது யார் என்று சரிபார்க்கும் பழக்கம் இல்லை. ஐஇசி 62351 என்ற பாதுகாப்புத் தரநிலை அதற்காகவே வந்தது. ஆனால் இருபது முப்பது ஆண்டு ஓடும் பழைய கருவிகளில் அதைப் பொருத்துவது மெதுவான வேலை. சொந்த மொழி வைத்திருந்தால் தப்பிக்கலாமே என்று கேட்கலாம். ஒளித்து வைத்த மொழியில் உள்ள ஓட்டையை வெளியார் பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதால் பாதுகாப்புத் துறையில் அந்த வாதம் எடுபடுவதில்லை.

வீட்டளவில் கவலை வேறு மாதிரி. அரை மணிக்கு ஒரு வாசிப்பு என்றால் நாளுக்கு 48 எண்கள். வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், பகலில் ஆள் இருக்கிறதா, எந்த வாரம் ஊருக்குப் போனார்கள் எல்லாம் அதில் தெரியும். அந்தத் தகவலை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுக்க நினைத்தால்? உதாரணமாக, சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுத் தருபவருக்கு? மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தம், உங்கள் தரவை வேறு நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லும் உரிமையைக் கொண்டுவந்தது. அதில் ஒரு நிபந்தனை: தொழில்நுட்ப ரீதியாக முடிந்தால், தரவின் வடிவம் ஒத்துப்போனால். இங்கதான் தரநிலை வந்து நிற்கிறது. வடிவம் பொதுவாக இல்லாவிட்டால் உரிமை சட்டப் புத்தகத்தோடு சரி. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய பச்சைப் பொத்தான் முயற்சி இதைத்தான் செய்தது. மின் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் உங்கள் பயன்பாட்டு விவரம் பொது வடிவத்தில் இறங்கும். யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். நம் ஒழுங்குமுறை அமைப்பான எரிசக்தி ஆணையம் இதைப் போன்ற ஒன்றை இங்கும் கட்டாயமாக்கினால், கட்டணத்தில் சில சென் குறைப்பதைவிட நீண்டகாலப் பலன் இருக்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

ஸ்மார்ட் மீட்டரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அது நிறுவனத்தின் வேலை. ஆனால் மீட்டருக்குப் பின்னால் வரும் கருவிகள் உங்கள் காசு. சோலார் போடுபவரிடம் இன்வெர்ட்டரின் தரவை அந்த நிறுவனத்தின் செயலி இல்லாமல் எடுக்க முடியுமா, நாளைக்கு வேறு நிறுவன பேட்டரியைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். சார்ஜர் வாங்கினால் ஓசிபிபி உண்டா, எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 1.6 பரவலானது, 2.0.1 பாதுகாப்பில் மேம்பட்டது. இரவு 10 மணிக்குத் தானாகத் தொடங்கும்படி நேரம் வைக்கும் வசதி சார்ஜரிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். 40 யூனிட் ஏற்றும் காருக்கு உச்ச நேரத்துக்கும் உச்சமற்ற நேரத்துக்கும் வித்தியாசம் ஒரு தடவைக்கு 1 ரிங்கிட் 64 சென். இணையச் சேவை நின்றுபோனால் அந்த நேர வசதியும் நின்றுபோகும் சார்ஜர்கள் உண்டு. பதிலை வாயால் கேட்டுவிட்டு விடாமல், விலைப் பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மலேசியத் தரநிலைகளின் வரைவுகளை மலேசியத் தரநிலைத் துறை இறுதி செய்வதற்கு முன் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுகிறது. உற்பத்தியாளர்கள் அதைத் தவறாமல் படிக்கிறார்கள். பயனீட்டாளர் சங்கங்களும், குடியிருப்பாளர் நிர்வாகக் குழுக்களும் அதே வரைவுக்குக் கருத்து எழுதி அனுப்பலாம்.